கபாலியின் நட்சத்திரம், ஜானுவின் காற்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஐஸ்அவுஸ் பக்கம் என் சைக்கிள் பஞ்சர் ஆனபோது, ஒட்டிக் கொடுத்த ஷரஃபுதீன் ரப்பர் காய்வதற்குள் சொல்லி முடித்த விஷயம் இது. அவர் சைக்கிளும் பழுது பார்ப்பார், ஹார்மோனியமும் பழுது பார்ப்பார். இரண்டும் காற்று சமாசாரம்தானே என்பார். அதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இலக்கியம் என்றால் தாமதமாகத்தான் செய்யும்.

இப்படித் தொடங்கினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷ நவராத்திரியில், மந்தைவெளியின் வானம்—'

வானம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

'கபாலி ஒரு மேதை.'

இதைக் கபாலியே போதுமான அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேறு எதற்கு?

2

ஆகவே அவர் மனைவி ஜானுவிடமிருந்து தொடங்குகிறேன். (ஷரஃபுதீன் ஜானுவின் மனசுக்குள் போய்ப் பார்க்கவில்லை. நான் போகிறேன். எழுதுகிறவனுக்கு அந்தத் திமிர் உண்டு.)

சீமைக்குத் திரும்பிய யாரோ ஒரு துரை ஏலத்தில் விட்டுப்போன கால் ஆர்கன் ஒன்று அவர்கள் கூடத்தில் இருந்தது. காலால் மிதித்தால் உள்ளே துருத்தி மூச்சுவிடும், கை வாசிக்கும். பதினோரு வருஷமாக, கபாலி ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, ஜானு அதில் காம்போதி ராகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் பால்காரனும் இரண்டு காக்காய்களும்.

ஒரு நாள் தெருவில் போன நீரஜா கேட்டுவிட்டாள். நீரஜா, கபாலியின் மேலதிகாரி மனைவி, சங்கீதம் தெரிந்தவள். "நவராத்திரிக்கு ஆத்துக்காரரோட வரேன். முழுசா வாசிச்சுக் காட்டு. நன்னா இருந்தா எங்க மாதர் சங்கத்துல உன் கச்சேரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஜானு சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

மேலதிகாரி வருகிறார் என்றதும் கபாலிக்கு ஜானுவின் வாசிப்பு ஞாபகம் வரவில்லை. ஆபீசில் ஒரு சீமைப் பத்திரிகையில் பார்த்த படம்தான் ஞாபகம் வந்தது. ஜெர்மனியில் மாதா கோயில் ஆர்கன்களின் உச்சியில் ஒரு நட்சத்திரம் இருக்குமாம். ஆர்கனின் காற்றிலேயே சுழலுமாம். சுழலச் சுழல மணிகள் ஒலிக்குமாம். கபாலி மராமத்து இலாகாவில் படம் வரைகிறவர். ஜெர்மனிக்காரனால் முடிந்தது மந்தைவெளிக்காரனால் முடியாதா?

3

மண்ணெண்ணெய்த் தகரத்தில் காற்றாடி. சைக்கிள் அச்சு. பித்தளை நட்சத்திரம். சுற்றிலும் ஜட்கா குதிரையின் கழுத்து மணிகள் எட்டு. ஆர்கன் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குமிழ். இழுத்தால் துருத்திக் காற்று நட்சத்திரத்துக்குப் போகும், தள்ளினால் நிற்கும். பொருத்த வந்த ஷரஃபுதீன் தலையைச் சொறிந்தார்.

"எட்டு மணியும் எட்டு சுருதில கீது சாமி. அம்மா வாசிக்க சொல்லோ இது குறுக்கால பேசும்."

"அதுக்குப் பேர்தான் ஹார்மனி."

"காத்த இது இழுத்துக்கினா, பொட்டி இன்னாத்த வச்சி பாடும்?"

"அவ இன்னும் கொஞ்சம் பலமா மிதிப்பா."

ஜானு தூணோரம் நின்று கேட்டாள். "ஏன்னா, அன்னிக்கு மட்டும் இது இல்லாம வாசிக்கட்டுமா?"

"வெறும் பாட்டு எல்லா ஆத்துலயும் இருக்கு. நட்சத்திரம் எந்த ஆத்துல இருக்கு சொல்லு!"

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு மோசமா இந்த மனுஷன்? ஷரஃபுதீனைக் கேட்டேன். "நல்ல மனுசன் சார். யார் சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு, அவ்ளதான்" என்றார். கபாலியை ராட்சசனாக்கி எழுதிய இரண்டு பாராக்களைக் கிழித்தேன். நல்ல பாராக்கள்.)

4

நவராத்திரி ஏழாம் நாள் சாயங்காலம் நீரஜா கணவருடன் வந்தாள். அவர்கள் பின்னால் பாதித் தெரு வந்தது. மணி கழன்றால் மாட்ட ஷரஃபுதீனையும் கபாலி வாசலில் நிறுத்தியிருந்தார்.

ஜானு தொடங்கினாள். கபாலி குமிழை இழுத்தார். கூடத்துக்குள் ஒரு ஜட்காவே புகுந்தது.

"சுத்தறது பாருங்கோ!"

எல்லாக் கண்ணும் மேலே போயிற்று. ஆர்கனின் குரல் ஜுரக்காரன் குரல்போல இளைத்தது. ஜானு மிதித்தாள், இன்னும் மிதித்தாள். மேல் ஸ்தாயிக்குப் போகவேண்டிய இடத்தில் சத்தமே வரவில்லை. நீரஜா தன் வளையல்களைப் பார்த்துக்கொண்டாள். மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜானு குமிழைத் தள்ளினாள். கபாலி இழுத்தார். தள்ளினாள். சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தார்.

ஜானு இரண்டு காலையும் எடுத்துவிட்டாள். பாட்டும் நின்றது, நட்சத்திரமும் நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

"கால் ஓயறது. நீங்க மிதிங்கோ."

கபாலியின் முகம்— (வேண்டாம், முகத்தை விட்டுவிடுவோம்.) மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க முடியுமா? கபாலி வேஷ்டியை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மிதிகட்டைகளை மாறி மாறி அமுக்கினார். இனி அவருக்குக் குமிழைத் தொடக் கை இல்லை. ஜானு அதை நிதானமாக உள்ளே தள்ளினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இருபது நிமிஷம். மனைவி வாசிப்பதைக் கபாலி முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்; எழுந்து போக வழியில்லை. சரணத்தில் ஓரிடத்தில் அவள் மெல்லத் தயங்கினாள். யாரும் சொல்லாமலே அவர் கையும் மெதுவாயிற்று. (இது என் கற்பனை இல்லை. ஷரஃபுதீன் பார்த்தாராம்.)

"அடுத்த மாசம் சங்கத்துக்கு வரியா?" என்றாள் நீரஜா.

"வரேன்" என்றாள் ஜானு. கணவர் பக்கம் திரும்பவில்லை.

5

முடிவுக்கு இரண்டு யோசனைகள் வைத்திருந்தேன். கபாலி திருந்தி, நட்சத்திரத்தைத் தெப்பக்குளத்தில் எறிகிறார்: பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், குளத்துக்குத்தான் பிடிக்காது. மாதர் சங்கத்தில் கைத்தட்டல் அடங்கவில்லை: இருக்கலாம், என்னை உள்ளே விடவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். அந்தச் சாயங்காலத்துக்கு மூன்றாம் நாள் கபாலி ஒரு புதுப் படத்தோடு ஷரஃபுதீன் கடைக்கு வந்தார். இன்னொருவர் பக்கத்தில் நின்றுகொண்டே துருத்தியை இயக்க, பெட்டியின் ஓரத்தில் நீளமாக ஒரு மரக் கைப்பிடி.

"யாருக்கு சாமி இது?"

"எனக்கு."

"பாட்டுக்கா, நச்சத்திரத்துக்கா?"

கபாலி படத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீ பண்ணு, சொல்றேன்" என்று போய்விட்டார்.

கைப்பிடி ஆறு நாளில் தயாரானது. வந்து வாங்கிக்கொண்டு போனார், சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். ஜானுவை ஒரு வார்த்தை கேட்காமல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.