மைக் செட் பக்கம் வந்துரணும்

எங்களுக்கு மதுரைப் பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் சத்யப்ரியா இந்தக் கோடைக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். கோட்டை காட்டுவாள், மலை காட்டுவாள் என்று நம்பிப் போனால், ஒரு வயக்காட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

"அம்மா, பெரிய பாட்டுத் திருவிழா. இங்கயே கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்."

"ஏண்டி, மண்டியப் பூட்டிட்டு, பிளேன் ஏறி வந்தது பொட்டக்காட்டுல படுக்கவா? இதுக்குக் காசு வேற குடுத்தியாக்கும்?" என்று ஏறிவிட்டேன். என் வாய் அப்படி. மார்க்கெட்டில் முப்பது பேரோடு கத்திக் கத்திப் பழகிய வாய்.

ஆனால் என் கோபம் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் வைகைக் கரையெல்லாம் சனம் படுத்துக் கிடக்குமே, அதைவிடப் பெரிய கூட்டம். கண்ணுக்கு எட்டிய மட்டும் கூடாரம். அம்புட்டுச் சனத்திலும் கீழே ஒரு காகிதம் கிடக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல் நிற்கிறார்கள். எங்கள் கூடாரத்துக்கு முளை அடிக்கத் தெரியாமல் நாங்கள் முழித்தபோது, பக்கத்துக் கூடாரத்துப் பச்சைத் தலைமுடிக்காரி சுத்தியலோடு வந்து, நாங்கள் கேட்காமலேயே அடித்துக் கொடுத்தாள். மூக்கு, உதடு, புருவம் எல்லாம் வளையம். நம் ஊரில் அப்படி ஒருத்தி வந்தால் நானே ஒரு பேச்சுப் பேசியிருப்பேன். கட்டி எடுத்துப் போன புளியோதரையை அவளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் வைத்தேன். விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள். நல்லா இருக்கட்டும் பிள்ளைகள்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க'தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டால்கூட, "முருகன் பேருதாம்மா, நீயே சொல்லிக்கிட்டு வா" என்பேன். அவளும் செந்தில், வேலு, குமரன் என்று சொல்லிக்கொண்டே வருவாள். சரியான பெயர் வந்ததும் தலையை ஆட்டுவேன். சத்யப்ரியா இதை வைத்து என்னைச் செய்யாத கேலி இல்லை. "எந்தக் காலத்துலம்மா இருக்க?" என்பாள். எந்தக் காலமாக இருந்தால் என்ன, வாய் வரவில்லை என்றால் வரவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஆளே சரிந்துவிடுவார். போன வருடம் மண்டியில் தக்காளிக் கிரேடுப் பெட்டிகள் மேலேயே விழுந்து, என் உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து என் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் மாத்திரையைப் போட்டார். சத்யப்ரியா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். எங்கிருந்தோ மேளச் சத்தம் கேட்டது. மேளம் என்றால் அவருக்குக் காது நட்டுக்கொள்ளும். எந்த ஊர்த் திருவிழாவிலும் மேளக்காரர்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன்.

"அடி எப்படி விழுகுது பாத்தியா! ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"இந்தா வந்துர்றேன்."

போனவர் வரவில்லை. சாப்பாடு வந்து ஆறிப்போனது. அவருடைய போன் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தது. எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரி இருக்கிற காட்டில், பாஷை தெரியாத ஊரில், எங்கேயாவது சரிந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? தூங்குகிறார் என்று தாண்டிப் போய்விடுவார்களே!

"நான் கூடாரம் கூடாரமா விசாரிச்சுத் தேடுறேன். நீ தகவல் சொல்ற எடத்துல போய்ச் சொல்லும்மா" என்று சத்யப்ரியா ஓடினாள்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான புதிதில் அழகர் திருவிழாக் கூட்டத்தில் நான் தொலைந்து போனேன். அவர் போலீஸ் மைக்கில், "பரவை அன்னக்கொடி எங்கிருந்தாலும் மைக் செட் பக்கம் வரவும்" என்று கூப்பிட்டுத்தான் சேர்ந்தோம். அன்று அவர் சொன்னார்: "இனிமே எந்தக் கூட்டத்துல தொலஞ்சாலும் அலையப்படாது. மைக் செட் பக்கம் வந்துரணும்." அதனால் அவர் மைக் பக்கம்தான் இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை. கூப்பிட்டால் போதும்.

தகவல் கூடாரத்துப் பையன் பொறுமையாகக் கேட்டான். "ஹஸ்பெண்ட். மிஸ்ஸிங். சுகர்" என்றேன். தன் போனில் எதையோ தட்டி, தமிழில் காட்டினான். இங்கே மைக்கில் ஆள் கூப்பிடும் வழக்கம் இல்லையாம், ஆட்களை அனுப்பித் தேடுகிறார்களாம். உடனே நாலு பேர் கிளம்பவும் செய்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஆறவில்லை.

"ஊரே அதிர்ற மாதிரி இம்புட்டு ஸ்பீக்கர் கட்டியிருக்கீகளே, ஒரு மனுசனக் கூப்பிட முடியாதா?" என்று தமிழிலேயே கத்திவிட்டு, மேளச் சத்தம் வந்த மேடையை நோக்கி ஓடினேன்.

மேடை முன்னால் சனக்கடல். எப்படி நுழைந்தேனோ, முன்வேலி வரைக்கும் போய்விட்டேன். ஒரு பாட்டு முடிந்து மேளக்காரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற காவல்காரப் பெண்ணிடம் மிட்டாய்ப் பையைக் காட்டி, கையை ஆட்டி, அழுது, தெரிந்த மூன்று சொல்லையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, தக்காளிக் கிரேடைத் தூக்குவது போல என்னை அப்படியே தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கினாள். மேடைக்கு ஓடி, பாட்டுக்காரியின் காதில் ஏதோ சொன்னாள்.

அந்தப் பாட்டுக்காரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள். கூட்டத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், அத்தனை ஆயிரம் பேரும் கப்பென்று அடங்கிப்போனார்கள். யாரோ ஒரு மதுரைக்காரிக்காக! மைக்கை என் கையில் கொடுத்தாள்.

நான் மைக்கை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? முருகா, மன்னிச்சுக்க என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பரவை... பரவை மலையாண்டி எங்கிருந்தாலும் மேடைப் பக்கம் வரவும்."

என் குரல் ஸ்பீக்கரில் இடி மாதிரி போய்த் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை.

"மலையாண்டி! மலையாண்டி!"

ஒரு அசைவு இல்லை. சரிந்துவிட்டார், எங்கேயோ விழுந்து கிடக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். மேடையிலேயே உட்கார்ந்து, மைக் கையில் இருக்கிற நினைப்புகூட இல்லாமல் ஓவென்று அழுதேன்.

"ஏங்க... ஏங்க! எங்கங்க இருக்கீக?"

கூட்டத்தின் நடுவில், ஒரு கொடிக்கம்பத்தடியில், ஒரு வேட்டி எழுந்தது.

"இந்தா இருக்கேன்! என்னத்துக்கு இப்பக் கூப்பாடு போடுற?"

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாயசைப்பு எனக்குத் தெரியாதா? கூட்டம் கைதட்டிய தட்டில் மேடை அதிர்ந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவரைத் தாங்கிப் பிடித்து, வழிவிட்டு வழிவிட்டு, மேடை ஓரம் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். சத்யப்ரியாவும் மூச்சிரைக்க வந்துவிட்டாள்.

கையில் பழச்சாறு வைத்திருந்தார். இவருக்கு வேர்த்துக் கை நடுங்கியதைப் பார்த்ததுமே அந்தப் பிள்ளைகள் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ! ஒவ்வொரு தலையாகத் தொட்டு நெட்டி முறித்தேன். எதற்கு என்று தெரியாமலேயே குனிந்து குனிந்து தலையைக் கொடுத்தார்கள்.

பிறகு இவர் பக்கம் திரும்பினேன். "காதுல என்ன, பஞ்சா வச்சிருந்தீக? தொண்டை கிழியக் கூப்பிட்டேனே!"

"கேட்டுச்சு. நம்ம ஊருப்பக்கத்து ஆளு, என் பேருக்காரன் எவனோ தொலஞ்சுட்டான் போலன்னு நெனச்சேன். பாவம், அவன் பொண்டாட்டி இப்படித் தவிக்கிறாளேன்னு இந்தப் பிள்ளைககிட்டக்கூடச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"என் குரலு தெரியலையா?"

"ஒன் குரலு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நீ எங்க அந்தப் பேரச் சொல்லப்போற? அதான் நீயா இருக்காதுன்னுட்டேன். 'ஏங்க'ன்னதும்தான் என்னையத் தேடுறன்னு தெரிஞ்சுச்சு."

சத்யப்ரியா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஒரு மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் திணித்தேன். மேடையில் மறுபடி மேளம் தொடங்கியது. அவர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவ சொல்லேன்."

"மைக்க வாங்கிட்டு வாங்க, சொல்றேன்" என்றேன்.