வலப்பக்கம்

"காலைப் பிடிம்மா" என்றார் சித்தப்பா. மகள் பிடித்தாள். இருவருமாக அப்பாவை மல்லாக்கத் திருப்பினார்கள். கையை எடுத்ததும் அவர் பழையபடி வலப்பக்கமே சாய்ந்தார். இரவு தூக்கத்திலேயே போயிருந்தார். பிடிவாதம் மட்டும் போகவில்லை.

அப்பா பழைய இடுகாடுகளைத் தோண்டியவர். ஓர் ஊருக்கு இஸ்லாம் எப்போது வந்தது என்பதை ஏட்டில் தேடாமல் குழியில் தேடினார். கீழ் அடுக்கில் எலும்புகள் மல்லாந்து கிடக்கும். மேல் அடுக்கில், முஸ்லிம் முறைப்படி, வலப்பக்கம் சாய்ந்து, மெக்காவைப் பார்த்திருக்கும்.

கூட வேலை பார்த்த வரைபடக்காரர் வந்து கட்டிலருகே நின்றார். பழக்கதோஷம், பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துவிட்டார்.

"மெக்கா பக்கம்தான். இருபது டிகிரி தள்ளி."

"அப்ப அப்பா மதம் மாறலைன்னுதானே மாமா அர்த்தம்?"

"அந்தக் காலத்துக் குழிகளும் இவ்வளவு தள்ளித்தாம்மா இருக்கும்."



"அண்ணன் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்ல" என்றார் சித்தப்பா. "பதினோரு மணிக்கு வண்டி. எரிச்சிடலாம்."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா மாமா?"

"முப்பது வருஷமா குழியைப் பத்தித்தான் பேசியிருக்கோம். ஒரு எலும்புக்கூட்டை வெச்சு ஊரே மாறிடுச்சுன்னு எழுதாதேம்பார்."

ஊர் யாருக்கு வேண்டும்? ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எரித்துவிட்டு, பிறகு தப்பென்று தெரிந்தால் என்ன செய்வது? அப்பாமேல் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மண்டியிட்டு, தலையணை உயரத்துக்குக் குனிந்து, அவர் முகம் இருந்த திசையில் பார்த்தாள். ஜன்னல். அதற்கு வெளியே வாசல் கேட்.

"நேத்தும் இப்படித்தான் படுத்திருந்தாரா, சித்தப்பா?"

"சாயந்திரத்துலேர்ந்து இப்படித்தான். நீ வரேன்னு போன் பண்ணியே, அப்ப திரும்பிப் படுத்தவர்."

அவள் வரவில்லை. ஆபீசில் நேரமாகிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

வரைபடக்காரர் திசைகாட்டியைப் பைக்குள் போட்டார்.

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது.

"என்னம்மா சொல்ற? எரிக்கிறதா, புதைக்கிறதா?"

"புதைச்சிடலாம். திருப்ப வேண்டாம், இப்படியே."

"எந்தப் பக்கம் பார்த்து?"

அவள் வெளியே போனாள். கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டாள். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.