காதுக்குப் பின்னால் ஒரு தசை

பல் டாக்டர் வேலையை நான் உதறிவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனித உடற்கூறும் பரிணாமமும் மேற்படிப்பு படிக்கப் போகிறேன் என்றதும், "நல்ல தொழில விட்டுட்டு உம் பொண்ணு குரங்கு ஆராய்ச்சிக்குப் போறாளாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு சரி. ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் கேட்பார். நான் மட்டும் சளைத்தவளா? அவருக்குப் பிறந்தவள்தானே! போனால் போகட்டும் என்று விறைப்பாகவே திரிந்தேன். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. என்னைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று கிடந்து தவித்தேன்.

என் ஆராய்ச்சி, காதுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் தசையைப் பற்றியது. நாயும் பூனையும் சத்தம் வரும் பக்கம் காதைத் திருப்பும். நம் மூதாதையருக்கு அந்த வித்தை கைநழுவி இரண்டு கோடி வருஷத்துக்கு மேலாகிறது. தசை மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதையாவது உற்றுக் கேட்டால், வெளியே தெரியாமல் இன்னமும் துடிக்கிறது. வயதானவர்களுக்கும் அப்படித் துடிக்குமா என்பதுதான் என் கேள்வி.

சோதனைக்கு வருவதாகச் சொன்ன ஒரு பெரியவர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். அம்மாவிடம் புலம்பினேன். அவள் அப்பாவைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். என்னோடு படிப்பவள் ஒருத்தி இருக்கிறாள், தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவோம். அவள்தான் அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினாள். எந்தக் காதுத் தசை துடிக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கோடு திரையில் எழும்பும்.

"காத ஆட்டிக் காட்டணுமா?"

"அதெல்லாம் வேணாம் அங்கிள். சத்தம் கேக்கும். நீங்க பாட்டுக்கு இந்தப் புத்தகத்தப் படிச்சிட்டிருங்க. தலைய மட்டும் திருப்பாதீங்க."

"நான் பஸ் ஓட்டுனவம்மா. பின்னாடி என்ன கூச்சல் போட்டாலும் திரும்ப மாட்டேன்."

உண்மைதான். ஸ்பீக்கரில் நாய் குரைத்தது, ஹாரன் அலறியது, குழந்தை வீறிட்டது. அவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டு கோடுகளும் படுத்தே கிடந்தன.

"உங்கப்பாவுக்கு அந்தத் தசையே கெடையாதோ?" என்று கிசுகிசுத்தாள் தூங்குமூஞ்சி.

"இருக்கும். அதுக்கும் பிடிவாதம்" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதனை முடிந்தது. கருவியை இன்னும் நிறுத்தவில்லை. அப்பாவுக்குப் பின்னால் இடப்பக்கமாக நின்று சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"சாப்டியாடி?" என்றாள் தூங்குமூஞ்சி.

"எங்க? ரெண்டு நாளா நெஞ்சு எரியுது. சோத்தப் பாத்தாலே பிடிக்கல."

இடது கோடு துள்ளியது.

ஒயர் அசைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? பூனை நடை நடந்து வலப்பக்கம் போனேன். "அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு வேற. நெனச்சாலே வயித்தக் கலக்குது" என்றேன்.

இடது கோடு அடங்கியது. வலது கோடு எழுந்தது.

தூங்குமூஞ்சியின் கண்கள் அகல விரிந்தன. நான் மறுபடி இடப்பக்கம் வந்து, "ராத்திரி தூக்கமும் இல்ல" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். கோடு என் பின்னாலேயே வந்தது. அப்பாவின் தலை இம்மியும் அசையவில்லை. கண் புத்தகத்தில்தான் இருந்தது. ஆனால் பக்கம் புரட்டவே இல்லை.

அடப்பாவி மனுஷா! வீட்டில் நான் பேசும்போதெல்லாம் டிவியைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாரே, அப்போதும் இப்படித்தானா? நான் எந்த அறைக்குப் போனாலும் இந்தக் காது என் கூடவே வந்ததா? அடுத்த பொய் வாயில் வரவில்லை. திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அறையில் சத்தமே இல்லை. இரண்டு கோடுகளும் ஒருசேர எழுந்து, இறங்காமல் நின்றன.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "அங்கயும் இங்கயும் ஓடாம ஒரு எடத்துல உக்காந்து சொல்லு. நெஞ்சு எரியுதுன்னியே, டாக்டர்கிட்ட காட்டுனியா இல்லியா?"

நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் காட்டலப்பா" என்றேன்.