இடித்த புளியாக ஒரு கருந்துளை

கணினிக்குள்தான் என்றாலும், சுழலும் இரண்டு கருந்துளைகளை ஒன்றாக்குவது லேசுப்பட்ட காரியமா? ஆராய்ச்சிக்காரிக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆராய்ச்சிக்காரி என்பது அவள் வீட்டுக்காரர் கேலியாக வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

கருந்துளைகள் இணையும்போது ஈர்ப்பலைகள் கிளம்பும். சுழற்சி கோணலாக இருந்தால் அலைகள் ஒரு பக்கம் கூடுதலாகப் போகும். அதற்கு ஈடாக, இணைந்த கருந்துளை எதிர்ப்பக்கம் பாய்ந்தாக வேண்டும். அவள் கணக்கிலும் அலைகள் ஒரு பக்கமாகத்தான் கொட்டின. பாழாய்ப்போன கருந்துளையோ இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தது!

"நாளைக்குள்ள தப்பைக் கண்டுபிடிங்க. இல்லேன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று குழுத்தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடு என்றது போல இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. மடிக்கணினியை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே துணி துவைக்கும் மெஷின் தடதடவென்று ஆடியது.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன்! மனுஷி இங்க உயிரை விட்டுட்டிருக்கேன்!"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? போர்வை ஒரே பக்கமா சுருண்டுக்கிச்சு. நான் மேல உக்காந்திருக்கேன், அதான் நின்ன இடத்துல நிக்குது. எந்திரிச்சா வாசலுக்கே போயிடும்!"

எட்டிப் பார்த்தாள். மெஷின் மேல் வீட்டுக்காரர் கன்னமெல்லாம் அதிர உட்கார்ந்திருந்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாதியில் நின்றது.

அப்படியானால் கருந்துளையைப் பிடித்துவைத்திருப்பது யார்?

வேறு யார், அவளேதான். கணக்கைத் திரையில் ஓட்டிக் காட்டும் படத்தை விட்டு ஓடிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு காட்சியிலும் கருந்துளையை நடுவில் இழுத்து வைக்க நிரலில் ஒரு வரி எழுதியிருந்தாள். பிறகு அந்தப் படத்திலிருந்தே வேகத்தையும் அளந்திருக்கிறாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அந்த வரியை அழித்துவிட்டுப் படத்தை மறுபடி ஓட்டினாள். இரண்டு கரும்புள்ளிகளும் சுற்றின, இணைந்தன. அலைகள் இந்தப் பக்கம் கொட்ட, புள்ளி அந்தப் பக்கம் எகிறித் திரையை விட்டே ஓடியது.

"போகுதுங்க! போகுது!"

அவர் குதித்து ஓடிவந்தார். அவள் கண்ணீரும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டே தலைவருக்குப் போன் போட்டாள்.

"சார், வேற ஆள் தேட வேண்டாம். நம்ம கருந்துளை கிளம்பிடுச்சு!"

"நெஜமாவா? சபாஷ்! ஆமா, பின்னால என்னம்மா அவ்வளவு சத்தம்?"

திரும்பிப் பார்த்தாள். குழாயை இழுத்துக்கொண்டு மெஷின் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"அதுவும் கிளம்பிடுச்சு சார்."