பின்பக்கத்துக் கட்டைவிரல்

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கண்ணாடிப் பேழைகளைப் பராமரிக்கும் கண்ணாடிக்காரருக்கு அன்றுதான் தலைக்கு மேல் வேலை. பேழைகளின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. பொருள்களைத் தாங்கி நிற்கும் பித்தளைக் கம்பிகளை வளைப்பது, கண்ணாடி துடைப்பது, விளக்கப் பலகைகளைச் சுவரில் பொருத்துவது எல்லாம் அவர் பாடு. இருபத்தெட்டு வருஷமாக இதே மூன்று கூடங்கள்.

முதல் கூடத்தில் ஆற்றங்கரை நகரங்கள். செங்கல், எடைக்கல், முத்திரைகள், சுட்ட மண்ணில் செய்த சாக்கடைக் குழாய். இரண்டாவது, தீ வளர்த்துப் பாட்டுப் பாடியவர்களுடையது. பாட்டை எந்தப் பேழையில் வைப்பது? கொஞ்சம் சாம்பல் நிறப் பானை ஓடுகளும் ஒரு பெரிய வரைபடமும்தான் இருந்தன. மூன்றாவதில் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனவர்கள். அங்கே ஒரு கல்பலகை: மரம், மரத்தடியில் ஆசனம், ஆசனத்தின் கீழ் இரண்டு பாதங்கள். உட்கார்ந்திருக்க வேண்டியவரை மட்டும் செதுக்கவில்லை. ஞானம் பெற்றவர் மறைந்து சில நூறு வருஷங்கள் வரை அவரை இப்படித்தான் காட்டினார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது.

கண்ணாடிக்காரரின் மனைவி இந்த மூன்று கூடங்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். "மொத ரூம்ல சாக்கடை இருக்கு, சாமி இருக்கான்னு தெரியல. ரெண்டாவதுல சாமி இருக்கு, சட்டி பானை இல்ல. மூணாவதுல நாற்காலி இருக்கு, ஆளைக் காணோம். இதைப் பாக்க டிக்கெட்டு வேற!"

அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். கீழ்த்தளத்து மண் பட்டறையில், பழம்பொருள்களுக்கு மாதிரி செய்பவள். பள்ளிகளுக்கு அனுப்பவும், அசல் வெளியூர் போகும்போது பேழையில் வைக்கவும் மாதிரிகள் வேண்டியிருந்தன. அவள் கை பட்டால் நேற்று சுட்ட மண்ணுக்கு நாலாயிரம் வருஷத்துக் களைப்பு வந்துவிடும். தேயிலைத் தண்ணீர், கரி, பழைய சாக்குத் துணி. அவ்வளவுதான் அவளுடைய ரகசியம்.

முதல் கூடத்தில் சுவரையொட்டிய நடுப்பேழையில் ஒரு சாண் உயரத்தில் மண் உருவம் ஒன்று உண்டு. கால்களை மடித்து, குதிகால்களை ஒட்டி, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருக்கும். மூக்கு உடைந்த முகம். பின்னால் வந்த தவக்கோலத்துக் கடவுள்களுக்கெல்லாம் இதுதான் முன்னோடி என்பார் ஒருவர். அப்படியெல்லாம் அடித்துச் சொல்ல முடியாது, யாரோ சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்பார் இன்னொருவர். "சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கான். பொண்டாட்டி இன்னும் போடல" என்பது அவள் கட்சி.

ஏறக்குறைய நாலு வருஷத்துக்கு முன் அந்த உருவத்தின் கழுத்தில் உப்புப் பூத்து விரிசல் விட்டது. சரிசெய்ய வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அது திரும்பும்வரை பேழையில் வைக்க, முன்பே எடுத்து வைத்திருந்த அச்சில் அவள் மாதிரி செய்தாள். காயும்போது அது பின்பக்கம் சாய, அவள் ஓடிவந்து இடுப்புக்கு மேலே கட்டைவிரலால் ஒரு முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். குழி விழுந்துவிட்டது.

"ஐயோ, பதிஞ்சிருச்சு. இருங்க, தேய்ச்சு விட்டுடறேன்."

"விடு, பசிக்குது. சுவர்ப்பக்கம்தானே, யார் பாக்கப் போறா?" என்றார் அவர்.

அதோடு விட்டுவிட்டாள். மாதிரி பேழைக்கு வந்து ஏழாவது மாசம், காய்ச்சல் என்று படுத்தவள் பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

அவர் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அசல் வந்து இறங்கியது. கையெழுத்துப் போட்டு வாங்கினார். மாற்றி வைக்கத்தான் பேழையைத் திறந்தார். மாதிரியைக் கையில் எடுத்ததும் அவருடைய கட்டைவிரல் நுனி தானாக அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. காவலாளி தேநீருக்குக் கூப்பிட்டபோது அவர் மாதிரியைப் பழையபடி கம்பியில் பொருத்தி, 'இது மாதிரி' என்ற அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அசல் பட்டறை அலமாரிக்குப் போனது. திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்றுதான் நினைத்தார். வாரம் மூன்று வருஷமாயிற்று. நடுவில் ஒருநாள் பேழைக்குள் உருவத்தின் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்தார், நடந்து போகும்போதே அந்தக் குழி தெரியும்படி. "நல்ல யோசனைய்யா, பின்பக்கமும் ஜனங்க பாக்கட்டும்" என்று காப்பாட்சியர் பாராட்டினார்.

அந்தக் கண்ணாடிதான் வினையாயிற்று.

இரண்டு மாசத்துக்கு முன் ஆய்வாளர் அம்மாள் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும், முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருப்பாள். வந்த அன்றே கண்ணாடியில் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு, பேழை முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து நூறு படமாவது எடுத்திருப்பாள். கண்ணாடிக்காரர்தான் விளக்குப் பிடித்தார்.

"சார், இத்தனை நாளா யாருமே பாக்கலையே! ரேகை எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. சின்னக் கை. பொண்ணு. பதினாறு பதினேழு வயசுதான் இருக்கும்."

சுட்டால் மண் சுருங்கும், அதில் பதிந்த விரலும் சேர்ந்து சுருங்கும் என்று அவர் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பதைவிட உருவம் அரை விரற்கடை குறைகிறதே என்று அவள் அளந்துவிட்டுச் சொன்னபோதும் அவர் வாய் திறக்கவில்லை. "அந்தக் காலத்துல ஒழுங்கா அளக்கத் தெரியல" என்று அவளே பழைய ஆட்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டாள்.

அன்று வீட்டில் மகளிடம் சொன்னார். மகள் பல் மருத்துவமனையில் பல்செட்டுக்கு அச்சு எடுப்பவள், அம்மாவின் கை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு வயசுன்னா சொல்றாங்க? கேட்டிருந்தா செருப்பைத் தூக்கியிருப்பா."

"பதினாறு வயசுப் பொண்ணுன்னும் சொன்னாங்க."

"அப்ப மன்னிச்சிருப்பா." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்பா, அதை எடுத்துடுங்கப்பா. ஒருநாள் தெரியத்தான் போகுது."

"எப்படித் தெரியும்? அடியில 'மாதிரி'ன்னு ஒரு முத்திரை. அதும் கம்பிக்குள்ள மறைஞ்சு கிடக்கு. சுரண்டிட்டா அதுவும் போச்சு."

"சுரண்டுவீங்களா?"

அவர் கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எடுத்தால் அது என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வேலை முடிந்த மாதிரியை இரண்டு பேர் முன்னிலையில் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது அசல் என்று விற்றுவிடுவான். அவளுடைய துணிகளைக் கொடுத்தாயிற்று. குரல் எதிலும் பதிவாகவில்லை. உடம்பென்று பூமியில் மிச்சமிருந்தது அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான்.

இந்தத் திங்கட்கிழமை, பொருத்த வேண்டிய புதிய பலகை வந்திருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு ஆய்வாளர் அந்தப் பேழை முன்னால் நின்று பேசப் போகிறாள்; பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். அவர் சுவரில் துளை போட்டு, ஆணி வைத்து, பலகையைத் தூக்கிப் பிடித்தபோதுதான் வாசித்தார்.

'இந்த உருவத்தின் முதுகில் ஒரு பெண்ணின் கட்டைவிரல் பதிந்துள்ளது. கோயிலும் பூசாரியும் தோன்றுவதற்கு முன்பே வழிபாடு வீட்டுக்குள், பெண்களின் கையில் பிறந்தது என்பதற்கு இது சான்று. தன் தெய்வத்தைத் தானே வனைந்து, பக்தியோடு அழுத்திய இந்த இளம்பெண் யார் என்பதை இனி யாரும் அறிய முடியாது.'

பலகையைத் திரும்பக் கீழே இறக்கி வைத்தார்.

பக்தியோடு! சாமிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அன்று அவள் பட்டறையில் ரேடியோவைக் கத்தவிட்டு, கேஸ் தீர்ந்ததைச் சொல்ல மறந்ததற்காக அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். பாதித் திட்டில்தான் உருவம் சாய்ந்தது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. முழங்கால் வலி. தூக்கத்தில் போர்வையை முழுக்க இழுத்துக்கொள்வாள். இனி யாரும் அறிய முடியாதாம். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டார். இப்போது நாளைக்குப் பதினொரு மணிக்கு, ஊர் கூடி நின்று கைதட்ட, அவளை யாரோ ஒரு பதினாறு வயதுக்காரிக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள். ஆணி அடிக்க வேண்டியது அவரே.

பேழையைத் திறந்தார். உருவத்தை எடுத்தார். பட்டறை அலமாரிக்குப் போய் அசலையும் எடுத்தார். இரண்டையும் பஞ்சு விரித்த தட்டில் வைத்துக்கொண்டு காப்பாட்சியர் அறைக்குப் போனபோது, காப்பாட்சியரும் ஆய்வாளரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது, ரெண்டு?" என்றார் காப்பாட்சியர்.

"இது அசல் சார். மேடம் எழுதினது மாதிரியைப் பத்தி. என் சம்சாரம் செஞ்சது. அது அவ கட்டைவிரல்."

இவ்வளவுதான் சொன்னார். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்தது எதுவும் வாய்க்கு வரவில்லை.

காப்பாட்சியர் கோப்பையை வைக்க இடம் தேடி, கோப்பு மேலேயே வைத்தார். "மூணு வருஷம்! மூணு வருஷமா மண்ணாங்கட்டியைக் காட்டி டிக்கெட் கொடுத்திருக்கோமா? உமக்குப் புத்தி கெட்டுப் போச்சா? யோவ், நாளைக்குப் பத்திரிகைக்காரன் வர்றான்யா!"

"தெரியும் சார். மெமோ கொடுங்க, வாங்கிக்கறேன்."

ஆய்வாளர் அசலை எடுத்துத் திருப்பினாள். முதுகு வழவழவென்று இருந்தது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஈரத் துணியால் பொறுமையாகத் தேய்த்து, தன் கையின் தடயமே இல்லாமல் செய்திருந்தார்கள். மாதிரியையும் திருப்பினாள். அடியில் முத்திரை இருந்தது.

"அவங்க கட்டைவிரல்ல குறுக்கால ஒரு தழும்பு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா. எண்ணெய் டின் மூடி கிழிச்சது."

"கல் கத்தி வெட்டுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. "இன்னிக்கே சொன்னீங்களே சார். நாளன்னிக்குச் சொல்லியிருந்தா நான் செத்தேன்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"இருங்க, கோவம் பின்னாடிதான் வரும் எனக்கு. வீட்டுக்குப் போய்க் கத்துவேன்."

காப்பாட்சியர் விதிப் புத்தகத்தையும் உடைப்புப் பதிவேட்டையும் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "இது இருக்கக் கூடாது. இன்னிக்கே முடிச்சுடணும். நீங்க வெளிய இருங்க, காவலாளியை வரச் சொல்றேன்."

"நானே செய்யறேன் சார்."

பட்டறைத் தரையில் சாக்கை விரித்தார். மாதிரியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், முதுகு அடிபடாதபடி. மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குந்தினார். காப்பாட்சியரும் ஆய்வாளரும் சாட்சிக்கு நின்றார்கள். பிறகு விலாவில், அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில், ஒரே அடி. உருவம் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிளந்து, திறந்த சிப்பி போல மல்லாந்தது.

ஆய்வாளர்தான் முதலில் பார்த்தாள். "சார், உள்ள பாருங்க."

அச்சுக்குள் மண்ணை விரலால்தான் அமுக்கி நிரப்புவார்கள். வெளிப்பக்கம் அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். உள்பக்கம் யார் கண்ணிலும் படாது. அதை யாரும் தேய்ப்பதில்லை. இருபத்தெட்டு வருஷம் இந்தக் கட்டடத்தில் இருந்தவருக்கு இது தெரியும், ஆனால் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. தலையிலிருந்து மடித்த கால்கள் வரை, இரண்டு பாதியிலும், விரல்கள். பக்கம் பக்கமாக, வரிசை வரிசையாக. மூலைகளில் விரல் நுனி. தோளில் நாலு விரல் சேர்ந்து. ஓரிடத்தில் நகம்கூடப் பதிந்திருந்தது. நேற்றுத்தான் கையை எடுத்தது போல.

காப்பாட்சியர் பேனாவைத் திறந்தார். "எத்தனை துண்டு?"

"ரெண்டு."

"ரெண்டுதானா? நொறுக்கணுமேய்யா."

"நொறுக்கணும்னு இருக்கா சார் புத்தகத்துல?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். மறுபடி வாசித்தார். "உடைக்கப்பட வேண்டும்னு இருக்கு."

"உடைஞ்சிருச்சே."

காப்பாட்சியர் கண்ணாடிக்காரரின் முதுகைப் பார்த்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை ஆய்வாளரிடம் நீட்டினார். அவளும் போட்டாள். "பத்து நிமிஷம் கழிச்சு மேல வாரும். அசல் அந்தக் கம்பியில உக்காராது, பெருசு. திரும்ப வளைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு படியேறினார்.

கண்ணாடிக்காரர் பின்பாதியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு குழியில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார், போகவில்லை. நடுவிரலும் போகவில்லை. சுண்டுவிரலை வைத்தார். அது நகம் வரை இறங்கி நின்றது. அதற்கு அடுத்த குழி. அதற்கும் அடுத்தது. மேலே பதிக்காத பலகையும் திறந்த பேழையும் காத்திருந்தன. அவர் தோளிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, கீழே வந்துகொண்டிருந்தார்.