ஸ்டியரிங்: சரி

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மெக்கானிக் ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். எண்ணெய் வெளிறிப்போய் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்திருந்தது. காருக்குள் உட்கார்ந்திருந்த டிரைவரிடம், தன் அக்கா புருஷனிடம், "இன்னொரு தடவ திருப்புங்க மாமா" என்றான்.

டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அடியில் பம்ப் முனகியது. சக்கரம் பாதி திரும்புவதற்குள் அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"பவர் ஸ்டியரிங்னு பேரு. பவர் எல்லாம் என் தோள்லேருந்துல்ல போகுது."

சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

பத்து மணிக்கு டாக்ஸி ஷெட் மேனேஜர் வந்துவிடுவார். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் மெதுவாகத் திருப்பும்போது கார் தூணில் உரசிவிட்டது. டிரைவருக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, கை தளர்ந்துபோச்சு என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். இன்று ஷெட் முற்றத்தில் இரண்டு டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். டிரம்மில் இடித்தால் வேலை போச்சு. இந்த வயதில் வேறு எந்த முதலாளி கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்கப்போகிறான்?

பழுது கையில் இல்லை, வண்டியில்தான் என்பது மூன்று மாதமாக இருவருக்கும் தெரியும். ஆனால் ஷெட் நோட்டில் மெக்கானிக் தினமும் காலையில் எழுதியது 'ஸ்டியரிங்: சரி' என்றுதான். பழுது என்று எழுதினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அதை ஓட்டுகிறவருக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. "எழுதித் தொலைக்காதே மாப்ள. எண்ணெய மட்டும் ஊத்திவிடு, நான் சமாளிச்சுக்கிறேன்" என்று மாமாதான் கெஞ்சினார். இந்த ஷெட்டில் எல்லா டிரைவரும் அப்படித்தான் கெஞ்சுவார்கள். இவனும் மண்டையை ஆட்டினான், எண்ணெயை ஊற்றினான், கையெழுத்தைப் போட்டான். இப்போது நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. காருக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்த்தான். இரண்டு சொட்டுக்கு மேல் ஒழுகவில்லை. அப்புறம் நுரை எங்கிருந்து வரும்? எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளிப்புக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தில், நகம் உள்ளே இறங்கியது.

"ரப்பர் வெடிச்சிருக்கு மாமா. ஒரு சாண் குழாய். இதுக்குப் போயி மூணு மாசம்..."

"அத அப்புறம் பேசலாம். முதல்ல மாத்து."

ஓடாமல் கிடந்த பழைய காரிலிருந்து ஒரு நல்ல குழாயைக் கழற்றி வந்து மாட்டினான். வெடித்த குழாயைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். புது எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காற்றை வெளியேற்றினான். டப்பாவில் குமிழிகள் குறைந்து குறைந்து கடைசியில் நின்றன. இஞ்சினைப் போட்டபோது முனகல் இல்லை. சக்கரங்களைக் கீழே இறக்கும்போது பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

டிரைவர் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளினார். ஸ்டியரிங் அதுபாட்டுக்குச் சுற்றியது.

"அடேயப்பா. வெண்ணெயா வழுக்குது மாப்ள." அவர் கண் கலங்கியிருந்தது.

"வெளிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க மாமா. கை பழகட்டும்."

அதற்குள் மேனேஜர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். "என்ன, ஆரம்பிக்கலாமா?"

டிரைவர் காரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ரிவர்ஸ் போட்டு, தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். முதல் டிரம்மைத் தாண்டும்வரை நேராகத்தான் வந்தார். ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டிய இடம் வந்தது. பயத்தில் அவருடைய தோள், மூன்று மாதமாகச் செய்ததையே செய்தது. முழு பலத்தோடு இழுத்தார். லேசாகிவிட்ட ஸ்டியரிங் கையோடு சரேலென்று சுழன்றது. காரின் பின்பக்கம் வெடுக்கென்று விலகி இரண்டாவது டிரம்மில் மோத, அது உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பாத்தீங்களா," என்றார் மேனேஜர் யாரிடமோ சொல்வதுபோல. "கை நிக்கல."

மெக்கானிக் ஓடினான். "சார், ஸ்டியரிங் மூணு மாசமா கல்லு மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் சரி பண்ணேன். அவருக்கு இன்னும் பழகல சார்."

மேனேஜர் நோட்டைப் பிரித்துப் பக்கங்களைப் புரட்டினார். "தினமும் சரின்னு எழுதியிருக்கு. கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"பழுதான வண்டியிலயா இத்தன நாளும் ஆளுங்கள ஏத்தி அனுப்பின? அப்படின்னா நீயும் சேர்ந்து கிளம்பு. யோசிச்சுச் சொல்லு. வண்டியா, கையா?"

மெக்கானிக்கின் விரல் சட்டைப் பையிலிருந்த குழாயைத் தொட்டது. அதை எடுப்பதற்குள் டிரைவர் காரிலிருந்து இறங்கிவிட்டார்.

"கைதான் சார். ரொம்ப நாளா தோள்ல வலி. நான்தான் சொல்லாம மறைச்சுட்டேன்."

"மாமா..."

டிரைவர் சாவியைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் அழுத்தினார். "சும்மா இரு மாப்ள," என்றார் மெதுவாக. "நம்ம வீட்டுல அடுப்பு ஒண்ணுதான். ரெண்டு பேரும் வெளிய நின்னா உங்க அக்கா எதை வச்சு எரிப்பா?"

பையிலிருந்த குழாயை அவன் எடுக்கவில்லை. மாமா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார்.

"இன்னிக்கு நீ இன்னும் எழுதலயே," என்று மேனேஜர் நோட்டை நீட்டினார். "அடுத்த டிரைவர் வந்துட்டான். வண்டி கிளம்பணும்."

மெக்கானிக் காரின் மேல் நோட்டை வைத்து, வழக்கம்போல 'ஸ்டியரிங்: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் அவன் பொய் எழுதவில்லை.