பதிப்பாளரின் மலர்வளையம்

"காதுப் பக்கம் பாத்துடி. அங்க அவருக்குத் தோல் மெலிசு," என்றாள் மாத்தில்டே.

"இனிமே என்னம்மா ஆகப்போகுது," என்று சொல்லிவிட்டு ஒட்டிலீ நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்துச் சவரக்கத்தியை மெல்ல இறக்கினாள். விடியும்போது உயிர் போயிருந்தது. ஆயுளெல்லாம் ஹோல்ட்ஸ்பாக் ரயில் நிலையத்தில் சிக்னல் இறக்கியவர் ஆல்வின் ட்ராய்ட்லர். முகத்தில் தாடி முள்ளோடு அவரை யாரும் பார்த்ததில்லை.

சமையற்கட்டுக் கதவு தட்டப்பட்டது. தெருமுனையில் நூலும் ரிப்பனும் விற்கும் ஸெல்மா நின்றாள். ஊரில் யார் செத்தாலும், தேவாலயத்துக்குப் போகிறவர்களானாலும் அவளைப்போல் யூதர்களானாலும், துக்கத்துக்கான கறுப்புத் துணி அவள் கடையில்தான். மலர்வளையத்து ரிப்பனில் பொன்னெழுத்து பதிப்பதும் அவள்தான்.

"ஒட்டிலீ, முதல்ல துக்கத்தைச் சொல்லிடறேன். அப்புறம் கோபத்தைச் சொல்றேன்."

"கோபமா? உக்காருங்கக்கா."

"நிக்கறேன். அந்தப் பதிப்பகத்து ப்ராக் வந்தான். தொப்பியக்கூடக் கழட்டல. ரிப்பன்ல என்ன அடிக்கணுமாம் தெரியுமா? 'எங்கள் பதிப்பாளர் ஆல்வின் ட்ராய்ட்லருக்கு, வடவிளக்குப் பதிப்பகம்.' என் கையால அடிக்கணுமாம். முடியாதுன்னுட்டேன்."

"பதிப்பாளரா? எங்கப்பா பேப்பரையே தூங்கத்தான் விரிப்பாரு!"

ஸெல்மா பையிலிருந்து இரண்டு சிறு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று பேரிக்காய் வளர்ப்பு. மற்றது, உலகத்தை வளைத்துப் போட யூதர்கள் ரகசியமாகக் கூடிப் பேசியதாகச் சொல்லும் புத்தகம். இரண்டிலும் அட்டையின் உள்பக்கம், கீழே, ஒரே வரி: வெளியிடுபவர், ஆல்வின் ட்ராய்ட்லர், ஹோல்ட்ஸ்பாக்.

"வெளியிடறவன் பேரு அச்சுல இருக்கணும்னு சட்டம். எழுதினவனும் காசு போட்டவனும் மூஞ்சியக் காட்டமாட்டான். அதுக்குத்தான் உங்கப்பா. கடை முகப்புல பேரிக்கா, பின்கட்டுல இந்த விஷம். போலின்னு எப்பவோ நாறிப்போன சமாச்சாரம் இது. யாரோ ஒரு ராஜாவக் கிண்டல் பண்ணி எழுதின பழைய புத்தகத்த எடுத்து, ராஜா இருந்த இடத்துல எங்கள வச்சுட்டான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பேப்பர்லயே காட்டினாங்க."

ஒட்டிலீ அந்த வரியைக் கட்டைவிரலால் மூடினாள். விரலை எடுத்தாள். பெயர் அங்கேயே இருந்தது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா. நீங்க இப்படி அடிச்சுக் குடுங்க, 'எதுவும் அறியாதவர்'னு. ப்ராக் ரிப்பனுக்குப் பதிலா அதையே கட்டறேன்."

"அதை நான் அடிக்கமாட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பேப்பரை நானே கொண்டாந்து காட்டினேன். இதே நாற்காலியில உக்காந்து எல்லாம் கேட்டுக்கிட்டாரு. 'நான் படிக்கறதில்ல ஸெல்மா, பேரு மட்டுந்தான் குடுக்கறேன்'னாரு. எம் பையனைப் பள்ளிக்கூடத்துல 'எங்கடா உங்க ரகசியக் கூட்டம்'னு கேட்டுக் கேட்டு அடிச்ச வாரம் அது." அவள் குரல் தாழ்ந்தது. "அப்புறம் காப்பி ஊத்திக் குடுத்தாரு. சர்க்கரை போதுமான்னு கேட்டாரு. அதுதாண்டி எனக்கு ஆறல."

அடுப்பில் கெண்டி கொதித்து மூடியைத் தட்டியது. இருவரும் அதை இறக்கவில்லை.

ஸெல்மா போன பிறகு ஒட்டிலீ உள்ளே வந்தாள். அப்பாவின் மறு கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது. துணியை நனைத்துத் துடைத்தாள், மறுபடி சோப்பு குழைத்தாள், ஒரு முள் விடாமல் வழித்தாள்.

மதியம் ப்ராக் வந்தான், புகையில் வாட்டிய பன்றித் தொடையும் கையுமாக. மாத்தில்டேயின் கையைக் குனிந்து முத்தமிட்டான்.

"அடுத்த பதிப்பு அச்சு ஏறப்போகுதும்மா. இனிமே உங்க பேரு. ஒரே ஒரு கையெழுத்து. ட்ராய்ட்லர்ங்கற பேரு இந்த ஊருல நிக்கணுமா இல்லையா?"

மாத்தில்டே மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். "அவருக்குத் தன் பேரை அச்சுல பாக்கறதுன்னா அவ்வளவு ஆசை, ஒட்டிலீ. நீ வெளியூர் போனப்புறம் ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல 'பதிப்பாளரே'ன்னு கூப்பிடுவாங்க. காதெல்லாம் சிவந்துபோகும்."

"அம்மா போடமாட்டாங்க," என்றாள் ஒட்டிலீ.

"அதை அவங்க சொல்லட்டுமே," என்று சிரித்தான் ப்ராக். "அவசரமில்ல. நாளைக்குக் கல்லறையில நான் நாலு வார்த்தை பேசுவேன். ஊர் முன்னாடியே கேட்டுக்கறேன்."

அன்று மாலை ஸெல்மா விட்டுப்போன அந்தப் போலிப் புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்து, ஒட்டிலீ நடந்ததெல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடத்து அடியையும் சொன்னாள். மாத்தில்டே புத்தகத்தை மூடி வைத்தாள். எழுந்து போய்த் துக்கத்துக்கு வருபவர்களுக்காகக் கேக் மாவு பிசைய ஆரம்பித்தாள். அந்தத் தொடையை வெட்டவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை.

மறுநாள் தூறல். பெட்டி குழிக்குள் இறங்கியது. மேட்டில் ஒரு தொட்டி நிறைய மண், அதில் சின்ன மண்வாரி. வீட்டார் முதலில் போட்டு, அடுத்தவர் கையில் வாரியைக் கொடுக்க வேண்டும். மாத்தில்டே போட்டாள். ஒட்டிலீ போட்டாள். ப்ராக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினான்.

"நம்ம பதிப்பாளரின் பணி நிற்காது! அவர் மனைவியார் அந்தப் பெயரைத் தாங்கி..." என்று வாரிக்குக் கை நீட்டினான்.

ஒட்டிலீ வாரியைக் கொடுக்கவில்லை.

"எங்கப்பா பேரு குடுத்தாரு," என்றாள், பின்வரிசைக்கும் கேட்கும்படி. "அந்தப் புத்தகம் போலி. போலின்னு அவருகிட்ட சொன்னாங்க. சொன்ன பிறகும் குடுத்தாரு. அதை நான் மறைக்கல. ஆனா அது இந்தக் குழியோட சரி. எங்க வீட்டுல இனி யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்க."

பாதிரியார் ஜெபப் புத்தகத்தை மூடினார். யாரோ இருமினார்கள்.

"துக்கத்துல பேசுது பொண்ணு," என்று ப்ராக் திரும்பினான். "அம்மா, நீங்க சொல்லுங்க."

மாத்தில்டே நிமிர்ந்தாள். "எனக்குக் கை நடுங்குது, ஐயா. பேனா பிடிக்க முடியாது. அந்தப் பன்றித் தொடை சமையற்கட்டுலதான் தொங்குது. போறப்ப எடுத்துட்டுப் போயிடுங்க."

அவள் கை மகளின் முழங்கையைப் பிடித்திருந்தது. ஒட்டிலீக்கு அங்கே வலித்தது. அந்தக் கையில் நடுக்கமே இல்லை.

ப்ராக் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான். அவனோடு சிலர் போனார்கள். அவர்களில் அப்பாவின் தம்பியும் ஒருவர்.

சுற்றுச்சுவர் ஓரமாக ஸெல்மா நின்றிருந்தாள். ஒட்டிலீ அவளிடம் போய் வாரியின் கைப்பிடியை நீட்டினாள். ஸெல்மா அதைப் பார்த்தாள். வாங்கவில்லை.

குழி மூடி எல்லோரும் கிளம்பிய பிறகுதான் அவள் மேட்டருகே வந்தாள். வீட்டார் வைத்த மலர்வளையத்தில் அவள் கடைக் கறுப்பு ரிப்பன், ஈரத்தில் திருகிக் கிடந்தது. பழகிய இரு விரல்களால் அதை நீவி நேராக்கி விட்டாள். அதில் எழுத்து எதுவும் இல்லை.